புதினா மணத்த புகைக்குழாய்

போர் முடிந்து சில வருஷம் கழித்து வந்த ஒரு வசந்தத்தின் கடைசியில், ஈரானின் யஸ்த் நகரத்தில், எங்கள் சந்து முனையில் நிற்கும் அர்சலானின் டாக்ஸி புகைக்குழாய் வழியாக வதக்கிய புதினா வாசனை விட்டது. முதல் நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதிய நேரம், எந்த வீட்டிலோ ஆஷ் கஞ்சி கொதிக்கிறது, மேலே ஊற்ற யாரோ புதினா வதக்குகிறார்கள் என்று இருந்துவிட்டோம். மறுநாள் உலர்ந்த எலுமிச்சையும் வெந்தயக் கீரையும் மணத்தது. அதற்கடுத்த நாள் வெங்காயம் கருகிய வாசனை வந்தது; அன்று வண்டியில் ஏறினவர்கள் எல்லாரும், சமைத்தது யாரோ, மனசு சரியில்லாமல் சமைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டு போனார்கள். சைக்கிளில் கடைவீதிக்குப் போகிறவர்கள் குறுக்குவழியை விட்டுவிட்டு அந்த ஆரஞ்சு நிறப் பேக்கான் காரின் பின்னாலேயே மிதிக்க ஆரம்பித்தார்கள். சதுக்கத்துப் போக்குவரத்துக் காவலர் ஒருநாள் கைகாட்டி நிறுத்தினார். லைசென்ஸைப் பார்த்தார், பின்பக்கம் போய்க் குனிந்து முகர்ந்தார், "வினிகர் ஒரு சொட்டு தூக்கல்" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊர்ப் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருந்தது.

வாசனையைப் பற்றி அர்சலானுக்குக் கவலை இல்லை. அவர் கவலையெல்லாம் சத்தத்தைப் பற்றி. என்ஜின் ஓடும்போது வலது பக்கத்திலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல், மிளகாயைக் கடித்தவன் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுப்பானே, அந்த மாதிரி. ஷா காலத்தில் வாங்கிய வண்டி அது. அர்சலான் ஐம்பதைத் தொட்ட ஆள். இளமையெல்லாம் படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயாருக்குப் பணிவிடை செய்வதில் போயிற்று. தாயார் போனபிறகு பெண் கேட்டுப் போகக் கூச்சம். ஆக அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பேக்கான் ஒன்றுதான், சோறு போடுவதும் அதுதான். அது இப்போது சிவப்பு விளக்கில் நின்றால் துடிக்கும், ஏறும், இறங்கும், ஒரு செருமல் செருமிவிட்டு அணைந்துபோகும். மறுபடி உயிர் கொடுப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார்கள். சூடான என்ஜினை அணைத்தால் சீக்கிரம் கிளம்பாது என்பதால், சவாரிக்குக் காத்திருக்கும்போதுகூட அணைக்காமலே வைத்திருந்தார்.

இரண்டு சந்து தள்ளி அர்தெஷீர் உஸ்தாவின் பட்டறை. கைவேலை தெரிந்தவர்களை நாங்கள் உஸ்தா என்போம். அர்தெஷீர் பார்ஸி வீட்டுப் பிள்ளை, வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். கேட்டார், "ஏர் இழுக்குது" என்றார், வேலையைத் தொடங்கினார். காற்றும் பெட்ரோலும் ஒரு கணக்கில் கலந்து உள்ளே போக வேண்டிய இடத்தில், எங்கோ ஒரு ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்றும் சேர்ந்து போகிறது, அந்த ஓட்டையைப் பிடித்தால் சத்தமும் போகும், நோயும் போகும். பிடிக்காவிட்டால் வால்வு ஒவ்வொன்றாகக் கருகி, அடுத்த நவ்ரூஸ் புத்தாண்டுக்குள் வண்டி காயலான் கடைக்குப் போகும். கார்புரேட்டருக்கு அடியில் இருந்த கேஸ்கெட்டை மாற்றினார். ரப்பர் குழாய்களை மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. வெளியே ஊதுகிற ஓட்டை என்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். இது உள்ளே உறிஞ்சுகிற ஓட்டை, குமிழியையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அதனால் தூரிகையில் பெட்ரோல் தொட்டு ஒவ்வொரு பொருத்தாகத் தடவிப் பார்த்தார். ஓட்டை இருக்கிற இடத்தில் பட்டால் என்ஜின் வேகமெடுக்க வேண்டும். எங்கே தடவியும் எடுக்கவில்லை. கடைசியில், முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை என்ஜின் முழுக்க நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சீறலுக்குள்ளே, கண்ணாடிக் குவளையில் கரண்டி கலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புக் காலோசை. பிறகு ஒரு ஆண் இருமினார், நீளமாக. உஸ்தா குழாயைக் காதிலிருந்து எடுத்து, தொடையில் தட்டிவிட்டு, மறுபடி வைத்தார். மறுபடியும் இருமல். என்ஜினுக்குள் ஆள் இருமுகிறது என்று சொல்கிற மெக்கானிக்கிடம் எவன் வண்டி விடுவான்? அவர் வாயைத் திறக்கவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்றார். அந்த நாளை பல வாரம் வந்தது.

இதற்கிடையில் நுஸ்ரத்தின் டீ விஷயமும் நடந்துகொண்டிருந்தது. சந்து முனையிலிருந்து மூன்றாவது வீடு நுஸ்ரத்துடையது. பழைய வீடு, மேலே வீசுகிற காற்றைப் பிடித்துக் கூடத்துக்கு இறக்கும் காற்றுக்கோபுரம் உண்டு, ஆனால் அதன் வாய்களை அவள் அப்பா இருந்தபோதே செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தண்ணீர் கூலர் வந்த புதிதில் ஊரே அப்படித்தான் அடைத்தது. கோபுரத்தில் புழுதி வருகிறது, புறா வருகிறது, இனி எதற்கு அது என்று. பிறகு போர் வந்தது. அவள் தம்பி நேமத் போர்முனையிலிருந்து விஷவாயுவைச் சுவாசித்த நெஞ்சோடு திரும்பி வந்தான். கூலரின் ஈரக்காற்று அவனுக்கு ஆகவில்லை, மார்பில் சளி கட்டிக்கொண்டது. மின்விசிறி புழுதியைக் கிளப்பியது. அசையாத காற்றோ அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோபுரத்தைத் திறக்கலாம் என்றால், விரிசல் விட்டிருக்கிறது, செங்கலை எடுத்தால் மொத்தமாகக் கூடத்தில் வந்து விழும் என்று கொத்தனார் கைவிரித்துவிட்டார். நுஸ்ரத் வீட்டில் தையல் எடுத்துத் தைத்து, தம்பியைப் பார்த்துக்கொண்டாள். நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள். அதிகம் பேசாதவள், யாரிடமும் ஒரு பிடி உப்புகூடக் கேட்டு வாங்காதவள்.

அப்படிப்பட்டவள், வசந்தம் முடிகிற சமயத்திலிருந்து, தினமும் வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில், தட்டில் டீயும் கற்கண்டும் வைத்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தாள். கடைகள் அடைத்து ஊர் கண்ணயரும் நேரம் அது. மற்ற டிரைவர்கள் சதுக்கத்துக்குப் போய் வண்டியை அணைத்துவிட்டு மர நிழலில் பகடை ஆடுவார்கள். அர்சலானும் போய்க்கொண்டிருந்தவர்தான். டீ வர ஆரம்பித்த பிறகு போகவில்லை. "வண்டியை அணைச்சிடாதீங்க வண்டிக்காரரே, அந்தச் சத்தம் இருந்தா தெருவுக்கு ஒரு துணை மாதிரி இருக்கு" என்றாள் ஒருநாள், தலையைக் குனிந்தபடி. அவ்வளவுதான். அர்சலான் மறுநாளிலிருந்து தினமும் முகம் மழித்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டார். மதியம் ஆனால் கண்ணாடியில் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார். நாங்கள் சும்மா இருப்போமா? "என்ன அர்சலான், டீயில சர்க்கரை சரியா இருக்கா, இல்ல முகத்தைப் பார்த்தே குடிக்கிறியா?" என்று ரொட்டிக் கடைக்காரர் சத்தமாகக் கேட்பார். அர்சலான் காது வரை சிவந்துபோவார். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலம் போன காலத்தில் அந்த மனிதருக்கு ஒரு நல்லது நடக்கப்போகிறது என்றுதான் நினைத்தோம்.

எல்லாவற்றையும் கெடுத்தது முட்டை. வண்டி நாளுக்கு நாள் மோசமாகி, ஒரு வால்வு கருகியே போய், அதை மாற்ற வேண்டியதாயிற்று. இனியும் நடுவழியில் நின்றால் ஸ்டாண்டை விட்டு எடுத்துவிடுவோம் என்று டாக்ஸி வரிசைக்குப் பொறுப்பானவர் சொல்லிவிட்டார். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி ஸகீனாவுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு பட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல. உஸ்தா என்ன, இங்கிலாந்துக்காரனே வந்தாலும் இந்தச் சத்தம் நிக்காது" என்று சொல்லி, யார் கண் என்று பார்த்துவிடுவோம் என முட்டையும் துணியுமாக வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். முட்டைக்கு மேலும் கீழும் ஒரு காசு வைத்து, துணியில் பிடித்து, சந்தேகப்படுகிறவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுத்த வேண்டும். எந்தப் பேரில் உடைகிறதோ, அவர்கள் கண். ஸகீனா முதலில் தன் நாத்தனார் பேரைச் சொல்லி, இரண்டு முறை நன்றாகவே அழுத்திப் பார்த்தாள். உடையவில்லை. மளிகைக்காரர், முடிதிருத்துபவர், சதுக்கத்து டிரைவர்கள், போக்குவரத்துக் காவலர், வினிகர் விற்கிறவர் என்று சந்து முழுக்கச் சொல்லி முடித்தாள். மிச்சம் யார் என்று கேட்டு, விளையாட்டாக, லேசாக, "நுஸ்ரத்" என்றாள். முட்டை அவள் மடியில் உடைந்து வழிந்தது.

"முட்டை பழசு" என்றார் அர்சலான். "காலையில போட்டது" என்றாள் ஸகீனா. முட்டை பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடு எங்களுக்குத் தெரிந்தது. விலாசம் சரியாகத்தான் சொன்னது, குற்றத்தை நாங்கள்தான் தப்பாக எழுதிக்கொண்டோம். அன்றைக்கு அது தெரியாதே. ரொட்டி வரிசையில் நுஸ்ரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றோம். ஸகீனா பின்னாலிருந்து அவள் தலையிலிருந்து போர்த்தியிருந்த சாதரின் ஓரத்தில் ஒரு நூலைக் கத்தரித்து எடுத்தாள். கண் போட்டவரின் நூலைத் தணலில் இஸ்பந்து விதையோடு சேர்த்துப் பொரித்தால் கண் கழியும். என்ஜின் மூடியைத் திறந்துவைத்து, முன்னால் நின்று பொரித்தோம். புகை என்ஜின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வானத்துக்குப் போயிற்று. நுஸ்ரத் தையல்காரி. தன் துணியில் ஒரு நூல் குறைந்தால் அவளுக்குத் தெரியாதா? ஓரத்தைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது. மறுநாள் டீ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அர்சலான் சில நாள் மழித்த முகத்தோடு காத்திருந்தார். பிறகு மழிப்பதை விட்டுவிட்டார். என்ஜினை அணைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

நுஸ்ரத்துக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. கண் போட்டவள் என்று தன்னையா சொல்கிறார்கள், அப்படியானால் இந்தச் சந்தின் கண்ணுக்கு நான் பரிகாரம் செய்துகொள்கிறேன் என்று, ஒரு நாள் மாலை, தம்பியை முற்றத்துக்கு மாற்றிப் படுக்கவைத்துவிட்டு, கூடத்தின் கதவு ஜன்னல்களைச் சாத்தி, தணலில் இரண்டு கை இஸ்பந்து விதையை அள்ளிப் போட்டாள். அந்த நேரம் பேக்கான் பட்டறையில், மூடி திறந்து ஓடிக்கொண்டிருந்தது. என்ஜினுக்குள் விதை வெடிக்கிற சத்தம் கேட்டது, பட பட பட என்று. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை மேகம் மாதிரி வந்து பட்டறையை நிறைத்தது. கண் எரிய எரிய அர்தெஷீர் உஸ்தா கையளவு கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். அங்கே, காற்றையும் பெட்ரோலையும் என்ஜினுக்குள் கொண்டுபோகும் மேனிபோல்டின் அடிவயிற்றில், எந்தத் தூரிகையும் எட்டாத மூலையில், வெறும் காற்றிலிருந்து ஒரு வெள்ளை நூல் பிறந்தது. விரலளவு தூரம் மிதந்து உலோகத்துக்குள் நுழைந்தது. நுழைந்த இடத்தில் ஒரு விரிசல். தலைமுடி அதைவிடத் தடிமன். உஸ்தா அந்த இடத்தைத் துடைத்தார், சுரண்டினார், இரும்புப் பசையைக் குழைத்து அப்பினார், காயவைத்தார். சாவியைத் திருகினார்.

சத்தம் இல்லை. வண்டி மடியில் படுத்த பூனை மாதிரி ஓடியது. அர்சலான் உஸ்தாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். மறுநாள் காலை முகம் மழித்து, மாவு இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, சந்தில் ஒவ்வொரு வாசலிலும் நீட்டிக்கொண்டு போனார். ஒரு வாசலில் மட்டும் கதவு திறக்கவில்லை. புகைக்குழாயில் ஊரில் மற்ற வண்டிகளுக்கு வருகிற அதே பெட்ரோல் வாசனை வந்தது. சைக்கிள்காரர்கள் பழையபடி குறுக்குவழியில் போனார்கள். ஸகீனா, இஸ்பந்து வேலை செய்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், அதிலும் பொய் ஒன்றுமில்லை.

அன்று வெயில் உச்சிக்கு ஏறியபோது நுஸ்ரத் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். கையில் தட்டு இல்லை. ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. அர்சலானும், வண்டியைச் சரிபார்க்க வந்திருந்த உஸ்தாவும் மூடியைத் திறந்துவைத்து ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிக்காரரே, அந்தச் சத்தத்தை என்ன பண்ணினீங்க?"

"அடைச்சாச்சு!" என்றார் அர்சலான், முகமெல்லாம் மலர்ந்து. "வாங்க, கேட்டுப் பாருங்க. பூனை மாதிரி ஓடுது."

"தொறங்க."

"என்னது?"

"தொறங்கன்னு சொல்றேன். அங்க என் தம்பி மூச்சுக்குத் தவிக்கிறான், நீங்க பூனையைக் காட்டுறீங்க!"

அப்புறம்தான் அவள் சொன்னாள், நாங்கள் இத்தனை பேர் வாசலில் வந்து நிற்பதைப் பொருட்படுத்தாமல், தலைத்துணி நழுவினதைக்கூட இழுத்துவிடாமல். வசந்தத்திலிருந்து அப்படித்தான். இந்த வண்டி நின்ற இடத்தில் ஓடினால் அவள் வீட்டுக் கூடத்தில் காற்று ஓடும். அடைத்துக் கிடக்கிற கோபுரத்தின் அடியில் திரைச்சீலை ஆடும், நேமத் நெஞ்சை நிமிர்த்தி மூச்சு விடுவான், தூங்குவான். வண்டி அணைந்தால் திரை தொங்கிவிடும். நேற்று மாலையிலிருந்து திரை அசையவில்லை, அவன் உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது. "எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. நான் தையல்காரி, எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

எப்படி என்று எங்களுக்கும் தெரியாது. தெரிந்தால் சொல்லமாட்டோமா. உஸ்தா தரையைப் பார்த்துக்கொண்டு, "நிக்கும்போதுதான் என்ஜின் ரொம்ப உறிஞ்சும், ஓடும்போது அவ்வளவு இழுக்காது" என்றார். தலையை நிமிர்த்தாமலே, "அவர் இருமுறது குழாய்ல எனக்குக் கேட்டுச்சு. நான்தான் சொல்லல" என்றார்.

அர்சலானுக்கு வேறொன்று உறைத்திருந்தது. அன்று காலைதான் மழித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே, மெதுவாக, "அப்போ அந்த டீ..." என்றார்.

நுஸ்ரத் பொய் சொல்லத் தெரியாதவள். "நீங்க சதுக்கத்துக்குப் போயிடக் கூடாதுன்னுதான்" என்றாள். "வாயைத் தொறந்து கேட்டிருக்கணும். வரல. ஒருத்தர்கிட்ட போய் உங்க வண்டியைக் கெட்டுப்போனபடியே வச்சிருங்கன்னு எப்படிக் கேக்குறது?"

எங்களுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே முடியவில்லை. ரொட்டிக் கடைக்காரர், அத்தனை கிண்டலும் பண்ணினவர், உள்ளே போய் அடுப்பைக் கிளற ஆரம்பித்தார். அர்சலான் உஸ்தாவின் பெட்டியிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போனார். என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் சுரண்டுகிற சத்தம் கேட்டது. காய்ந்த பசை பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. ஒரு பெரிய துண்டு விழுந்ததும், ஸ்ஸ்ஸ் என்று சத்தம் திரும்பி வந்தது. வண்டி துடித்தது, ஏறியது, இறங்கியது, அணையாமல் பிடித்துக்கொண்டது.

உஸ்தா ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதை எடுத்து, சட்டையில் துடைத்து, நுஸ்ரத்திடம் நீட்டினார். அவள் வைத்துக் கேட்டாள். முதலில் இருமல், பிறகு இன்னும் கொஞ்சம் இருமல், பிறகு ஒரு நீண்ட மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. அவள் வண்டியின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த ஸகீனா அவளைவிட அதிகமாக அழுதாள். கொஞ்ச நேரத்தில் குழாய் வழியாக நேமத்தின் குரல் வந்தது. கம்மிய குரல்தான், ஆனாலும் பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது: "அக்கா, அந்த மனுஷனை உள்ள கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடு. வாசல்லயே நிக்கவச்சு டீயிலயே எத்தனை நாள் ஓட்டுவ?"

அர்சலான் வெளியே வந்தார். முதுகெல்லாம் எண்ணெய், புருவத்தில் பசைத்தூள். நுஸ்ரத், நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். எங்கள் ஊரில் யாராவது நன்றி சொன்னாலோ, ஒரு பொருளைப் பாராட்டினாலோ, உடனே பதில் தயாராக இருக்கும். அவரும் வழக்கம்போல, யோசிக்காமல், நெஞ்சில் கை வைத்து, "இதெல்லாம் ஒரு விஷயமா? வண்டியே உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்றார். சட்டைப் பித்தானிலிருந்து மாளிகை வரை எல்லாவற்றையும் எல்லாரும் எல்லாருக்கும் இப்படிக் கொடுப்போம், யாரும் வாங்கமாட்டார்கள். யஸ்த் நகரம் உண்டான நாளிலிருந்து வாங்கினவர்கள் கிடையாது.

"சரி" என்றாள் நுஸ்ரத். "சாவி?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். வேடிக்கைக்கு இல்லை, தம்பியின் மூச்சு இனி இன்னொருவர் தயவில் நிற்கக் கூடாது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அர்சலான் அந்தக் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே குனிந்து, என்ஜின் அணையாமல் சாவியை உருவினார். பழைய பேக்கான், சாவித்துவாரம் தேய்ந்துபோனது, சாவி இல்லாமலும் ஓடும். சாவியைத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நல்லபடியா வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அவள் வீட்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை சவாரிக்கு வண்டி வேண்டுமே. நுஸ்ரத்தின் கதவைத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க வண்டியைச் சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். மதியம் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி அவள் சாவியைக் கொடுத்தாள். மதியம் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார். உள்ளே திரை ஆடியது, நேமத் தூங்கினான். அர்சலான் இறங்கி நடக்கப் போனார். அப்போது கதவு திறந்தது. தட்டு, டீ, கற்கண்டு.

"இது எதுக்கு?" என்றார் அவர். குரலில் கொஞ்சம் நேற்றைய காயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டோம். "வண்டி உங்களுது. நின்னு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. எனக்கு எதுக்கு டீ?"

"தெரியுதுல்ல, வண்டி என்னுதுன்னு?" என்றாள் நுஸ்ரத். "அப்போ டீ வண்டிக்கு இல்லன்னும் தெரியணும். ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."

இந்தத் தடவை ரொட்டிக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தன் பாட்டுக்கு ரொட்டியைத் தட்டினார், ஆனால் இரண்டு ரொட்டி கருகிப்போயிற்று.

இப்படியே ஓட்டினால் என்ஜின் ஒரு வருஷம் தாங்காது என்று உஸ்தா சொன்னார். அதற்கும் வழி கிடைத்தது. நுஸ்ரத் வீட்டுப் பரணில் டீக்கு வெந்நீர் போடுகிற, ஓட்டை விழுந்த பழைய சமோவர் ஒன்று இருந்தது, அவள் அதன் பித்தளைக் குழாய்முனையைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். உஸ்தா விரிசல் இருந்த இடத்தைச் சீராகத் துளைத்து, அந்தக் குழாய்முனையைப் பொருத்தினார். சாலையில் ஓடும்போது மூடிவிட்டால் வண்டி பூனை. வீட்டுச் சுவரோரம் நிறுத்தித் திறந்துவிட்டால் காற்று. அதைத் திறக்கிற பித்தளைப் பிடி மயில் வடிவத்தில் இருக்கும். இந்தப் பேக்கானுக்குள் மயில் இருக்கிறது என்று பார்க்க வேறு பேட்டையிலிருந்தெல்லாம் மெக்கானிக்குகள் வந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் அர்சலான் பூவும் இனிப்புமாகப் பெண் கேட்டு வந்தார். வீட்டு ஆண் என்று நேமத்தான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பேச்சு வார்த்தை நடத்தினான். உடம்பு தேறியிருந்தது, குறும்பும் கூடவே தேறியிருந்தது. "பொண்ணுக்குக் குடுக்கிற மஹரா வண்டியை எழுதலாம்னு பாத்தா அது ஏற்கெனவே அக்காவுது. உன்கிட்ட வேற என்னதான் இருக்கு?" என்று கேட்டான்.

"காத்து இருக்கு" என்றார் அர்சலான்.

நுஸ்ரத் சமையலறையில் இருந்தாள். அங்கிருந்தே, "அது போதும்" என்றாள். நிக்காஹ் செய்துவைக்க வந்த முல்லா, ஒரு குர்ஆன், ஒரு கண்ணாடி, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டு, ஆயுள் முழுக்கக் காற்று என்று வரிசையாக எழுதினார். எழுதி முடித்து, கோடையில் மட்டுமா, குளிர்காலத்திலுமா என்று கேட்டு, அதையும் தெளிவாக எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு வருஷங்கள் போயின. நேமத்துக்கு மருத்துவர்கள் சொன்ன காலமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. சொன்ன மருத்துவர்களில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நேமத் அவருக்கு ஃபாத்திஹா ஓதினான். ஒருமுறை நின்றிருந்த வண்டியில் பெட்ரோல் தீர்ந்து என்ஜின் அணைந்துபோயிற்று. அர்சலான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது என்ஜின் குளிர்ந்து கிடந்தது, மயில் மட்டும் ஸ்ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தது, உள்ளே திரை ஆடிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பெட்ரோலை நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் சுவரோரம் நிறுத்தினால் அணைத்தே விடுகிறார். ஸகீனா பேரன் பேத்திகளுக்கெல்லாம் முட்டைக் கதையைச் சொல்லி, கடைசியில், "முட்டை சொன்னா சொன்னதுதான்" என்பாள்.

இன்றைக்கும் மதியம் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். அர்சலான் வண்டியை நிறுத்துவார், மூடியைத் திறந்து மயிலைத் திருகுவார், உள்ளேயிருந்து நேமத்தின் குரல் வரும், "காத்து வந்துடுச்சு மச்சான், வந்துடுச்சு" என்று. மூடியைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போவார். அணைத்த வண்டியின் புகைக்குழாய்க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, அதை மூக்கருகே கொண்டுவந்து முகர்வார். ஒரு காலத்தில் அது யார் வீட்டுச் சமையல் என்று தெரியாமல் ஊரெல்லாம் சுற்றின மனிதர். "புதினா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாசல் குழாயில் கை கழுவி, சாப்பிட உள்ளே போவார்.